உறுப்பினருக்கும் உடன்வரும் ஒருவருக்கும்

தொழிற்சாலைகளில் அவருக்குத் தராசு என்றுதான் பெயர். எடை எந்திரங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. எந்திரத்தை விற்பவர்கள் வேறு ஆட்கள். விற்றதெல்லாம் ஒழுங்காக எடை காட்டுகிறதா என்று ஊர் ஊராகப் போய்ச் சோதிப்பது இவர் பாடு. முத்திரை குத்திய எடைக்கற்கள் நிறைந்த ஒரு பெட்டி எப்போதும் கூடவே வரும். வெறுங்கையால் தொட்டால் விரலின் பிசுக்கு ஒட்டிக் கல்லின் எடை கூடிவிடும் என்பதால் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் கற்களைத் தூக்குவார். சிமெண்டு மூட்டையை நிறுக்கும் மேடை ஆனாலும், மருந்துத் தூளை நிறுக்கும் கண்ணாடிக் கூண்டு ஆனாலும் இவர் ஒட்டிவிட்டுப் போகும் பச்சைச் சீட்டு இல்லாமல் வேலை ஓடாது.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், இவரை எங்கேயும் யாரும் சிரித்த முகத்தோடு வரவேற்றது கிடையாது. எந்திரம் சரியாக இருந்தால், இதைச் சொல்லவா இத்தனை தூரம் வந்தார் என்பார்கள். தப்பாக இருந்தால், நேற்றுவரை அனுப்பிய சரக்கை என்ன செய்வது என்று மேலாளரின் முகம் தொங்கிவிடும். எப்படிப் பார்த்தாலும் வாசல் காவலாளி உட்பட எல்லாருக்கும் இவர் சீக்கிரம் கிளம்பினால் தேவலை.

அப்படி ஒரு நாள், தலையெல்லாம் சிமெண்டுத் தூசியோடு ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தபோதுதான் அந்தச் சனியன் பிடித்தது. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஹோட்டல். பெயர்ப்பலகையில் ஒரு மஞ்சள் குடை இருக்கும். அதனால் எல்லாரும் அதைக் குடை என்றே சொல்வார்கள். வரவேற்பில் நின்ற பெண் அவர் பெயரைச் சொல்லி, மறுபடியும் வந்ததில் சந்தோஷம் என்றாள். அடிக்கடி தங்குகிறவர் என்பதால் மூலையில் இருக்கும் பெரிய அறையைத் தருவதாகச் சொன்னாள். மேலே போய்ப் பார்த்தால் குளியலறையில் வெள்ளை வெளேரென்று ஒரு தொட்டி. அவர் முதலில் தண்ணீர் இல்லாமலே, போட்ட சட்டையோடு அதில் படுத்துப் பார்த்தார். கூரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் கிடந்தார். பிறந்ததிலிருந்து தனக்கு யாரும் கேட்காமல் எதையும் கொடுத்ததில்லை என்று அப்போது தோன்றியது.

அன்றைக்குப் பிடித்தது, பிறகு விடவில்லை. வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று குடையில் படிகள் உண்டு. வருஷத்துக்கு இத்தனை இரவு தங்கினால் இந்தப் படி என்று விதி. வருஷம் முடிந்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். வைரத்துக்குப் போய்விட்டால் காலைச் சாப்பாடு இலவசம், உறுப்பினருக்கும் உடன்வரும் ஒருவருக்கும். சாயங்காலம் மேல்மாடி லவுஞ்சில் சூப்பும் கொறிக்க ஏதாவதும். மறுநாள் நாலு மணிவரை அறையைக் காலி செய்ய வேண்டாம். பெரிய அறை இருந்தால் அதுவும் கிடைக்கும். இந்த ‘இருந்தால்’ என்ற ஒரு சொல்லில்தான் ஹோட்டல்காரர்கள் எல்லாரும் குடித்தனம் நடத்துகிறார்கள் என்பது வேறு விஷயம். தராசு வைரத்தைப் பிடித்தார். பிடித்து, பல வருஷமாக விடாமல் வைத்திருந்தார்.

இதோடு நின்றிருந்தால் அவர் பாட்டுக்கு ஒரு சந்தோஷமான மனிதராக வாழ்ந்திருப்பார். ஆனால் அவருக்கு ஒரு சகலை இருந்தார்.

சகலைக்குப் பல் டாக்டர்களின் நாற்காலிகளைப் பொருத்திக் கொடுக்கும் வேலை. அவரும் பாதி நாள் வெளியூர்தான். அவருக்கு நாரை. அதுவும் இதே மாதிரி பல ஊர்களில் கிளை உள்ள ஹோட்டல்; பலகையில் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு நாரை. குடும்பத்தில் எந்தக் காரியத்துக்குக் கூடினாலும் இரண்டு பேரும் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள். நாரையில் பத்து வருஷம் தங்கிவிட்டால் சாகும்வரை தங்கம், ஆண்டுக் கணக்கு கிடையாது என்பார் சகலை. சாகும்வரை தங்கம் என்றால் சாகும்வரை பிளாட்டினம் கிடையாது என்றுதானே அர்த்தம் என்பார் தராசு. குடையில் பிறந்தநாளுக்குக் கேக்கு வைக்கிறார்கள் என்பார். நாரையில் இரண்டு சட்டைக்கு இலவசமாக இஸ்திரி போடுகிறார்கள் என்பார் அவர்.

“உங்க குடை லவுஞ்சுல ரெண்டு பிஸ்கட் எடுக்கிற வரைக்கும் சும்மா இருக்கான். மூணாவதுக்குக் கை நீட்டினா கேமரா திரும்புது” என்றார் சகலை ஒரு தடவை.

“உங்க நாரையில காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பன் குடுக்கிறான். அந்தக் கூப்பனுக்குக் காபி வரும், சர்க்கரை வராது” என்றார் தராசு.

இவரது மனைவியும் சகலையின் மனைவியும் கூடப் பிறந்த அக்கா தங்கை. மூத்தவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நம்பி, ஊரில் பாதிப் பேரின் கையில் உயிரை ஒப்படைத்துப் பழகியவள். அதனால் எதற்கும் லேசில் பதற மாட்டாள். இளையவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். புருஷன்மார் இருவரும் சண்டையை ஆரம்பித்தால், “அக்கா, நாம இவங்களைக் கட்டினதுக்குப் பதிலா ஆளுக்கொரு ஹோட்டலைக் கட்டியிருக்கலாம்” என்பாள்.

போன வருஷம் தராசின் கம்பெனியில் ஒரு மாற்றம் வந்தது. எடை எந்திரங்களே தங்கள் கணக்கைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப ஆரம்பித்தன. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம் என்றாகிவிட்டது. பயணம் பாதியாகக் குறைந்தது. வருஷக் கடைசியில் தராசு செல்போனைத் திறந்து பார்த்தபோது, வைரத்தைத் தக்கவைத்துக்கொள்ளச் சில இரவுகள் குறைந்தன. கம்பெனி இனி எங்கேயும் அனுப்புகிற மாதிரி இல்லை. வைரம் போனால் பிளாட்டினம்தான். சகலைக்கு இது தெரிந்தால் அடுத்த பத்து வருஷத்துக்குப் பேச்சுப் பஞ்சமே இருக்காது.

அவர் யோசித்தார். அவருடைய சொந்த ஊரில், ஸ்டேஷன் ரோட்டில், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் குடைக்கு ஒரு கிளை இருந்தது.

மனைவியிடம் சிமெண்டு ஆலையில் அவசர வேலை என்றார். நம்பும்படி இருக்க வேண்டுமே என்று எடைக்கல் பெட்டியையும் தூக்கிக்கொண்டார். ஆட்டோவில் ஊரை ஒரு சுற்று சுற்றி ஸ்டேஷன் ரோட்டில் இறங்கினார். கையிலிருந்து பணம் கட்டித் தங்கினார். தொட்டி நிறையச் சுடுதண்ணீர் பிடித்துப் படுத்தார். அடுத்த வாரமும் அதே அவசர வேலை வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் ஜன்னல் திரையை விலக்கி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே சிக்னலில் ஒரு கார் துள்ளித் துள்ளி நின்றது. பின்னாலிருந்து ஹாரன் சத்தம். காரின் மேலே ‘பழகுநர்’ பலகை. பக்கத்து இருக்கையில் அவர் மனைவி, ஓட்டுகிற பையனுக்குக் கையைக் காட்டி ஏதோ பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் தற்செயலாகத் தலையைத் தூக்கிக் கட்டடத்தைப் பார்த்தாள். தராசு அப்படியே கம்பளத்தில் குப்புற விழுந்தார். கார் கிளம்பிப் போன சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை. மற்றக் கிளைகளைவிட இங்கே கம்பளம் தடிமனாக இருப்பதை அந்த நிலையிலும் கவனித்து வைத்துக்கொண்டார். மறுநாள் வீட்டுக்குப் போகுமுன் ஸ்டேஷன் பக்கமிருந்த மண்ணில் பூட்ஸைத் தேய்த்துக்கொண்டு போனார். ஆலை எப்படி இருந்தது என்று மனைவி கேட்டாள். ஒரே தூசி என்றார்.

வைரம் தங்கியது.

இரண்டு மாதம் கழித்து மாமியாருக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. பெரிய நகரத்துக் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஆபரேஷன் முடிந்தும் சில நாள் பக்கத்திலேயே தங்கி மருந்து போட்டுக் காட்ட வேண்டும். எங்கே தங்குவது என்ற பேச்சு வந்ததும் இரண்டு மாப்பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அந்தப் பக்கம் ஒரு சாலை; சாலைக்கு இந்தப் புறம் குடை, எதிர்ப்புறம் நாரை. இதைவிடப் பொருத்தமான ஒரு களம் கிடைக்குமா?

மாமியார் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற பஸ்ஸில் ஏறி, ஜன்னலைப் பார்த்துத் தூங்குகிற மாதிரி நடிப்பவனின் தோளைச் சரியாகத் தட்டுவதில் அந்தக் காலத்தில் பேர் வாங்கியவர். போனில் இரண்டு மாப்பிள்ளைகளும் மாறி மாறிச் சலுகைகளை அடுக்கினார்கள். நாரையில் தலையணையை நாமே தேர்ந்தெடுக்கலாம், கழுத்துவலிக்கென்றே தனியாக ஒன்று உண்டு என்றார் சகலை. தலையணை எல்லாம் இருக்கட்டும், குடையில் பெரிய அறைத்தொகுதியே கிடைக்கும், ஹாலும் சோபாவும் உண்டு என்றார் தராசு. மாமியார் இருவரையும் பேச விட்டுக் கேட்டார். மூத்தவளும் அவள் புருஷனும் தானும் குடையில், இளையவளும் அவள் புருஷனும் நாரையில், சாயங்காலம் ஆனால் இரண்டு பக்கமும் போய்ப் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்.

குடைக்கு வந்து இறங்கியதும் தராசு மனைவியையும் மாமியாரையும் வரிசையில் நிற்க விடாமல், வைரத்துக்கென்று சின்னக் கம்பளம் விரித்துத் தனியாக வைத்திருக்கும் மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எதிர்ப்புறம் பெட்டியை வைத்துவிட்டுச் சகலையும் கொழுந்தியாளும் வேடிக்கை பார்க்க வந்து சேர்ந்தார்கள். நாரையில் பெரிய அறை இல்லையாம்; லிஃப்டுக்குப் பக்கத்து அறையைக் கொடுத்துவிட்டார்களாம். தராசுக்குக் காதில் தேன் பாய்ந்தது.

வரவேற்புப் பெண் கணினியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பெரிய அறைத்தொகுதி இருக்கிறது, தங்களுக்காகவே ஒதுக்கியிருக்கிறோம் என்றாள். தராசு சகலையை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“சார், உங்க சொந்த ஊர்லயே எங்க ஸ்டேஷன் ரோடு கிளையில வாராவாரம் வந்து தங்கினீங்க இல்லையா? அங்க இருக்கிற மேலாளர் உங்களுக்குத் தனியா நன்றி சொல்லச் சொல்லிக் குறிப்பு எழுதியிருக்காங்க.”

தராசின் மனைவி அசையவில்லை. வலது பாதம் மட்டும் தரையில் லேசாக அழுந்தியது, பிரேக்கைத் தேடுகிற மாதிரி.

“எந்த ஊர்லம்மா?” என்று கேட்டாள்.

அந்தப் பெண் உற்சாகமாக ஊரின் பெயரைச் சொன்னாள். தெருவின் பெயரையும் சொன்னாள். விட்டால் அறை எண்ணையும் சொல்லியிருப்பாள். தராசு அறைச் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு லிஃப்டைப் பார்த்து நடந்தார்.

மேலே போனால் அறைத்தொகுதி நிஜமாகவே பெரிசு. ஹாலில் சோபா, மேஜைமேல் தட்டு நிறையப் பழம், உள்ளே அகலமான கட்டில். மாமியார் பழத்தட்டுக்குப் பக்கத்து நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நின்றது தராசு மட்டும்தான். வேறு வழியில்லாமல் நடந்ததை நடந்தபடி சொன்னார். பயணம் குறைந்தது, வைரம் போகவிருந்தது, தங்கியது, பூட்ஸில் மண் தேய்த்தது எல்லாவற்றையும் சொன்னார்.

மனைவி கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தாள்.

“இன்னொரு பொம்பளைன்னா நாலு பேர்கிட்ட சொல்லி அழலாம். காலைச் சாப்பாட்டுக்காகப் போனார்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?”

மாமியார் ஒரு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டார். “டிக்கெட் எடுக்காம பஸ்ல போறவன எல்லாம் பாத்திருக்கேன். டிக்கெட்ட எடுத்துட்டு வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்கிறவர இப்பதான் பாக்குறேன் மாப்பிள்ளை” என்றார்.

முதலில் சிரித்தது கொழுந்தியாள். பிறகு சகலை. மனைவியும் அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள். தராசும் சேர்ந்து சிரிக்கப் போனார். அவள் சிரிப்பு சட்டென்று நின்றது.

“அதுல ஒரு வாரம் நம்ம தண்ணி மோட்டார் ரிப்பேர். கீழே இருந்து ரெண்டு மாடிக்கு நான் குடம் குடமாத் தூக்கினேன். நீங்க அப்ப தொட்டியில படுத்திருந்தீங்களா?”

அவர் படுத்திருந்தார். சுடுதண்ணீர் ஆறிவிட்டது என்று ஒரு தடவை மாற்றிக்கூடப் பிடித்தார். இவ்வளவு நேரம் இது ஒரு பெரிய தப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை; பிடிபட்டதுதான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். குடத்தின் கணக்கு வந்ததும் தலை கவிழ்ந்தது.

“அங்க போனா ‘வாங்க’ன்னு சொல்றாங்க” என்றார் மெதுவாக. வேறு காரணம் எதுவும் அவரிடம் இல்லை.

“நான் சொல்றதில்லையா?”

“‘பூட்ஸை வெளிய கழட்டுங்க’ன்னு சொல்லுவ.”

சிமெண்டுத் தூசியோடு வருகிறவரை வேறென்ன சொல்லி உள்ளே விடுவது என்று யோசித்திருப்பாள். ஆனாலும் தண்டனை தண்டனைதான். இந்த அறையில் அம்மாவும் நானும் தங்கையும் படுத்துக்கொள்கிறோம், நீங்கள் எதிர்ப்புறம் போய்ப் படுங்கள் என்றாள். தங்கை அப்போதே பெட்டியை எடுத்துவரக் கிளம்பிவிட்டாள்.

இப்படியாக, வைர உறுப்பினர் தன் எடைக்கல் பெட்டி அளவுக்குக் கனத்த மனதோடு சாலையைக் கடந்து நாரைக்குள் நுழைந்தார். லிஃப்டு மேலேயும் கீழேயும் போகும்போதெல்லாம் அறைச் சுவர் முனகியது. ஒரே கட்டில், ஒரே போர்வை. தராசு சுவர், திரை, குழாய் எல்லாவற்றையும் சோதனைக்கு வந்தவர் மாதிரி தட்டிப் பார்த்தார். சகலை பெட்டியைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு நழுவி விழுந்தது. ஹோட்டல் அறைகளில் வைப்பார்களே, அந்த மாதிரி துணிச் செருப்பு. அதன் நெற்றியில் மஞ்சளாக ஒரு குடை.

தராசு அதைக் கையில் எடுத்தார். சகலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பாதத்துக்கு மெத்துன்னு இருக்கும்னு வெச்சிருக்கேன்” என்றார்.

தராசு செருப்பைக் கீழே வைக்காமல் நின்றார். தோளைத் தட்டுவதற்கு மாமியார்தான் வரவேண்டும் என்பதில்லை. கொஞ்ச நேரத்தில் சகலை தானாகவே கக்கினார். அவரும் குடையில் உறுப்பினர்தானாம், தங்கமாம். ஒரு ஹோட்டலின் அட்டையைக் காட்டினால் இன்னொரு ஹோட்டல் அதற்குச் சமமான படியைச் சும்மா கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. நாரையின் தங்கத்தைக் காட்டிக் குடையில் தங்கம் வாங்கி, பிறகு அந்தத் தங்கத்தைக் காட்டி நாரையில் படி இறங்காமல் தப்பித்து, இப்படியே சில வருஷமாக இரண்டு பக்கமும் ஓட்டிக்கொண்டிருந்தார். குடையின் பிஸ்கட் விவரம் அவருக்கு எப்படி அவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று தராசுக்கு அப்போதுதான் புரிந்தது.

“வீட்ல சொல்லிடாதீங்க சகலை” என்றார் அவர்.

தராசு செருப்பைப் போட்டுப் பார்த்தார். மெத்தென்றுதான் இருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை போன் வந்தது. பசிக்கிறது, உறுப்பினர் நேரில் வந்தால்தான் சாப்பாட்டு அறைக்குள் விடுவார்களாம், வாருங்கள் என்றாள் மனைவி. தலைகூட வாராமல் சாலையைக் கடந்து ஓடினார். வாசலில் நின்ற சிப்பந்தி பணிவாக, உறுப்பினருக்கும் உடன்வரும் ஒருவருக்கும் என்றான். வந்திருப்பதோ உறுப்பினரைச் சேர்த்து நாலு பேர்.

“உறுப்பினர் சாப்பிட்டே ஆகணும்னு இருக்காப்பா?” என்று கேட்டாள் மனைவி.

சிப்பந்தி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். அப்படி எதுவும் விதி இல்லையாம். இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். ஆக ஒரு நாற்காலியில் மாமியார், இன்னொன்றில் மனைவி. கொழுந்தியாளை நாரைக்குப் போய்ப் புருஷனோடு சாப்பிடச் சொல்லிப் பார்த்தார் தராசு. “அங்க காபிக்குச் சர்க்கரை வராதுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க” என்றாள் அவள். மூன்றாவது நாற்காலிக்கு அவர் கணக்கில் பில் எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எந்தச் சாப்பாட்டுக்காகத் தன் ஊரிலேயே பரதேசியாகத் திரிந்தாரோ, அதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

நாரையில் சகலையின் உடன்வரும் ஒருவராகத் தராசு உட்கார்ந்தார். கண்ணெதிரே முட்டையை உடைத்து ஊற்றி, ஓரம் மொறுமொறுவென்று வருகிற பதத்தில் எடுத்து வைத்தார்கள். காபியோடு ஒரு கிண்ணம் நிறையச் சர்க்கரை வந்தது. அவர் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக்கொண்டு சாப்பிட்டார்.

“எப்படி?” என்றார் சகலை.

“பரவால்ல” என்றார் தராசு. இன்னொரு முட்டைக்குத் தட்டை நீட்டினார்.

ஆபரேஷன் மதியத்துக்கு மேல். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஒரே வரிசை, ஒரே இரும்பு பெஞ்சு. ஜன்னலில் இருந்த நர்ஸ் கூப்பிட்டபோது சகலை பழக்கதோஷத்தில் எழுந்து பர்ஸைத் திறந்துவிட்டு, எந்த அட்டையை எடுப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். மாமியாரை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது தராசு கதவுவரை கூடவே நடந்தார். கல்யாணமான புதிதில், இவர் ஒரு இடத்தில் உட்காராமல் ஊர் சுற்றும் ஆள், பெண்ணைக் கொடுத்தது தப்பு என்று சொந்தத்தில் எல்லாரும் பேசியபோது, ஊர் சுற்றினால் என்ன, டிக்கெட் எடுத்துத்தானே சுற்றுகிறார் என்று எல்லார் வாயையும் அடைத்தவர் அவர். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு பன்னைப் பிய்த்துப் பாதியை அவர் கையில் வைத்தாள். காலையில் பசியோடு வெளியே நின்றீர்களே என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய பாதியைத்தான் கொடுத்தாள். இந்தக் கணக்கெல்லாம் அவர் கைக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு கண்ணில் பஞ்சுக்கட்டு, அதன்மேல் பெரிய கறுப்புக் கண்ணாடி. அடுத்த நாள் சாயங்காலம் லவுஞ்சைப் பார்க்க வேண்டும் என்றார் மாமியார். உடன்வரும் ஒருவராக அவரைத் தராசு கைபிடித்து அழைத்துப் போனார். கறுப்புக் கண்ணாடியும் நிமிர்ந்த நடையுமாக அவர் நுழைந்ததைப் பார்த்துச் சிப்பந்திகள் யாரோ பெரிய இடம் என்று நினைத்துவிட்டார்கள். நல்ல நாற்காலி வந்தது. சூப் வந்தது. மேலாளரே வந்து, எல்லாம் வசதியாக இருக்கிறதா என்று குனிந்து கேட்டார்.

“வசதிக்கென்ன. இங்க வர்றவங்களை யாரு செக் பண்றது?” என்று கேட்டார் மாமியார்.

கதவிலேயே எந்திரம் இருக்கிறது, அட்டையைக் காட்டினால்தான் திறக்கும் என்றார் மேலாளர்.

“மிஷின் அட்டையைத்தானே பாக்கும், ஆளைப் பாக்குமா? தூணுக்குப் பின்னாடி முதுகைக் காட்டிக்கிட்டு ஒருத்தர் சூப்புக் குடிக்கிறாரே, அவர் எங்க பின்னாலேயே ஒட்டிக்கிட்டு வந்தவரு. கதவு மூடறதுக்குள்ள நுழைஞ்சாரு.”

மேலாளர் தூணுக்குப் பின்னால் போனார். ஸ்பூனை வாயில் வைத்தபடி திரும்பியது சகலை. அவருடைய குடைத் தங்கத்துக்கு லவுஞ்சு கிடையாது; முன்பு பிஸ்கட் கணக்கு எடுத்ததும் இப்படி நுழைந்துதான் போலிருக்கிறது. அவரை மரியாதையாகத்தான் வெளியே அனுப்பினார்கள், ஆனாலும் அனுப்பினார்கள். அவர் போகும்போது இந்த மேஜைப் பக்கம் பார்க்கவே இல்லை. தராசு சூப்புக் கிண்ணத்துக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“அத்தை, அது நம்ம சின்ன மாப்பிள்ளை” என்றார் பிறகு.

“அப்படியா?” மாமியார் பிஸ்கட்டை சூப்பில் நனைத்தார். “கட்டுப் போட்ட கண்ணு, யார்னு எங்க தெரியுது.”

அவர் எடுத்தது மூன்றாவது பிஸ்கட். கேமரா ஒன்றும் திரும்பவில்லை.

ஊருக்குத் திரும்பும் நாள் காலையில் மனைவி கையை நீட்டினாள். தராசு செல்போனைக் கொடுத்தார். தங்கிய இரவுகளுக்குக் குடை கொடுத்து, பிறகு இலவசமாகத் தங்கிக்கொள்ளலாம் என்று இத்தனை வருஷத்தில் சேர்ந்து கிடந்த புள்ளிகளை எல்லாம் அவள் பார்த்தாள். இதை வைத்து என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பெரிய பயணம் போகலாம் என்று இருந்தேன் என்றார். யாரோடு என்று அவள் கேட்கவில்லை. அவரும் அதுவரை அதை யோசித்திருக்கவில்லை. மாமியாரின் கட்டுப் பிரித்ததும் கடற்கரையில் இருக்கும் குடையில் மூன்று பெண்களும் ஒரு வாரம் தங்குவதற்கு அவள் அங்கேயே பதிவு செய்தாள். செய்யும்போது, இனிமேல் சொந்த ஊரில் ஹோட்டலில் தங்குவதில்லை என்று ஒரு வாக்கும் வாங்கிக்கொண்டாள்.

தராசு வாக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, புள்ளியில் தங்கும் இரவுகள் கணக்கில் ஏறுமா என்று வரவேற்புப் பெண்ணிடம் தனியாகப் போய்க் கேட்டார். உறுப்பினரின் பெயரில் பதிவு செய்தால் யார் தங்கினாலும் உறுப்பினருக்கு ஏறும் என்றாள் அவள். நாரையில் அப்படி ஏறாதாம். இதை அவர் திரும்பும் வழி முழுவதும் சகலையிடம் சொல்லிக்கொண்டு வந்தார். சகலை லவுஞ்சு விஷயத்துக்குப் பிறகு கொஞ்சம் அடங்கித்தான் இருந்தார்.

பெண்கள் கடலுக்குப் போன வாரத்தில் சகலை பெட்டியோடு தராசின் வீட்டுக்கு வந்துவிட்டார். இருவரும் சமைத்தார்கள், சமைத்ததைவிடத் துடைத்ததுதான் அதிகம். தராசு மோட்டாரைப் பிரித்து மாட்டினார். மாட்டியபின் ஒரு திருகாணி மிச்சம் இருந்தது, ஆனால் தண்ணீர் ஏறியது. தினமும் காலையில் செல்போனில் அவர் பெயருக்கு ஒரு இரவு ஏறியது. கடற்காற்று எப்படி இருக்கிறது என்று விசாரித்து ஹோட்டல்காரர்களிடமிருந்து ஒரு செய்தியும் வந்தது. நன்றாக இருக்கிறது என்று அவர் பதில் போட்டார்.

மனைவி திரும்பி வந்தபோது தராசு கதவைத் திறந்து, வாங்க என்றார். அவள் செருப்பைக் கழற்றுமுன் அவரை ஒரு பார்வை பார்த்தாள், உதடு கோணியது. கைப்பையில் புத்தம் புது குடை அட்டை ஒன்று இருந்தது, அவள் பெயரில், சேர்ந்ததும் கொடுக்கிற வெள்ளி. அடுத்த மாதம் கார் ஓட்டும் பள்ளிகளின் கூட்டம் ஒன்று வெளியூரில் இருந்தது. வழக்கமாகப் போகமாட்டாள், இந்தத் தடவை போவதாகச் சொன்னாள். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் தங்கைக்குப் போன் போட்டாள். மெத்தை போதவில்லை, ஆனால் துண்டு கனமாக இருந்தது, ஜன்னலைத் திறக்க விடுகிறான், அது பெரிய விஷயம் என்று பேச்சு நீண்டது. அடுத்த படிக்கு இன்னும் எத்தனை இரவு வேண்டும் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டார்கள். கணக்குத் தப்பு. தராசு சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து, கூட்டத்துக்குத் தங்கும் இரவுகளும் அதில் சேரும் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டினாள்.